பச்சை பெயின்ற்றுக்குக் கீழே முதிரை

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கட வீட்டு நிலை, யன்னல் எல்லாமே கடும்பச்சை எனாமல். 2010இல் ஊர் திரும்பியபோது பாதி யன்னல்களை ஆரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியது முதிரை மரம், புதிதாகப் போட்டது வேம்பு. வித்தியாசம் தெரியக்கூடாதென்றுதான் அப்பா பச்சையை அடித்தார். அதை இந்த வருடம் உரித்து, மரத்தின் வரி தெரியவிடும் சாயமான ஸ்டெயின் பூசினோம்.

இலங்கையில் எனாமல் பெயின்ற்றில் ஈயத்துக்கு 600 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 600 பங்கு) என்ற எல்லை 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சென்றால் ஈயம் இருக்கிறதென்று எண்ணியே கை வையுங்கள். மின்சாரத்தில் தேய்க்கிற சாண்டர் வேண்டாம், தூள் வீடு முழுக்கப் பறக்கும். நாங்கள் முகமூடி போட்டு, கீழே பொலித்தீன் விரித்து, சின்னப்பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினோம். கோழிகளையும் கூட்டில் அடைக்கவேண்டும், சீவல் விழுந்தால் கொத்தாமல் விடாதுகள். உரித்ததைக் குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது.

தட்டையான இடங்களுக்குச் சூட்டுக்காற்று ஊதுகிற ஹீற் கண் (heat gun) நல்லது. ஈயப் பெயின்ற்றில் 590 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாதென்பது அமெரிக்காவில் உள்ள விதி, எங்களுக்கு அதில் பாதியே காணும். பெயின்ற் கொப்பளித்து எழும்புகிற கணத்தில் பட்டிக் கத்தியைச் சரித்து விட்டால் பச்சை சுருண்டு சுருண்டு வரும். முதிரையில் மட்டும் அதற்குக் கீழே ஓர் இளநீலம் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது அம்மம்மா இருக்கேக்க அடிச்சதடா" என்றா.

கண்ணாடிக்குக் கிட்ட சூடு காட்டினால் கண்ணாடி வெடிக்கும். அங்கேயும் நிலையின் வரிப்பள்ளங்களிலும் பெயின்ற் ரிமூவர்தான். தடிப்பாகப் பூசிப் பொலித்தீனால் மூடிவைத்து, இளகிய பிறகு ஈர்க்காலும் தும்பாலும் கிண்டவேண்டும். முழு வேலையிலும் பொறுமையைத் தின்றது இந்தப் பள்ளங்கள்தான். மலிவென்று கோஸ்டிக் சோடா பாவிப்பவர்களும் உண்டு. திரும்பப் பெயின்ற் அடிப்பதென்றால் பரவாயில்லை, ஸ்டெயின் பூசப்போகிற மரத்தை அது கறுக்கப் பண்ணிவிடும்.

முதிரையின் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் எதிராகவும் ஓடும். இரும்புச் சுரண்டி அதில் பிய்க்கும். எங்கட ஓடாவி (தச்சர்) அண்ணை உடைந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்து, மெல்லச் சரித்து இழுத்துக் காட்டினார். கடதாசி மாதிரி மெல்லிய சீவல் வந்தது. "கை மூடின சேட்டைப் போடு தம்பி, முதிரைத் தூள் கடிக்கும்" என்றும் சொன்னார். உண்மைதான், அந்தத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ரின்னரால் நனையுங்கள். மரத்தின் நுண்துளைகளில் மிஞ்சிய பெயின்ற் அப்போது பளிச்சென்று தெரியும். அந்த இடம் ஸ்டெயினைக் குடிக்காது.

வேம்பு ஸ்டெயினை இழுத்துக் குடிக்கும். முதிரை நெருக்கமான மரம், இலகுவில் வாங்காது. அதனால் வேம்பை, மழமழப்பாகிக் குறைவாகக் குடிக்கட்டுமென்று, 180 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர் வரை தேய்த்தோம், முதிரையை 120உடன் விட்டோம். வேம்பில் பூசின கையோடு துடைத்தோம், முதிரையில் கொஞ்சம் ஊறவிட்டோம். நிறம் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. வெயில் நேரே பட்டால் மட்டும் வேம்பு ஒரு துளி சிவப்பாகத் தெரியும், அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

வார்னிஷை விடியப்புறமே அடித்து முடியுங்கள். பொழுதேறச் சோளகம் (தென்மேல் காற்று) எழும்பி முற்றத்துப் புழுதியை எல்லாம் கொண்டுவந்து ஒட்டிவிடும். சோளகம் போகட்டுமென்று ஐப்பசி வரை இழுத்தால் மழை பிடித்துக்கொள்ளும், பூச்சு லேசில் காயாது.