கட்டுப்பாடு அறுந்தாலும் ஒளி அறக்கூடாது

சென்னையில் நான் பணிபுரிந்த நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவி எதையும் தயாரித்து விற்கவில்லை. கருவி தயாரிப்பவர்களுக்கு வேண்டிய நெறிமுறை மென்பொருளை மூலநிரலாக எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். வாங்கியவர்கள் அதைத் தங்கள் ஆப்டிக்கல் சுவிட்சின் (ஒளியிழை இணைப்புகளைத் திசைதிருப்பும் கருவியின்) வன்பொருளோடு பொருத்தித் தங்கள் பெயரில் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். எந்த வாடிக்கையாளரின் கருவியிலும் அது ஓட வேண்டும், எதிர்முனையில் வேறொரு தயாரிப்பாளரின் கருவி இருந்தாலும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதால், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் ஆர்எஃப்சி ஆவணங்களையும் ஐ.நா. சார்ந்த தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டியின் ஜி வரிசைப் பரிந்துரைகளையும் ஆப்டிக்கல் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஓஐஎஃப்பின் உடன்பாடுகளையும் எழுத்தெண்ணிப் படிப்பதே எங்கள் அன்றாட வேலையாக இருந்தது.

பழைய முறையில் இரண்டு நகரங்களுக்கிடையே ஓர் அலைநீள இணைப்பு வேண்டுமென்றால், வழியிலுள்ள ஒவ்வொரு கருவியையும் அதனதன் தயாரிப்பாளர் தந்த மேலாண்மை மென்பொருள் வழியாக ஆட்கள் உட்கார்ந்து அமைக்க வேண்டும். ஜிஎம்பிஎல்எஸ் என்ற நெறிமுறைத் தொகுப்பு அந்த வேலையைக் கருவிகளிடமே ஒப்படைக்க முயன்றது. எந்த இழை எந்தப் போர்ட்டில் சேர்கிறது என்பதை எல்எம்பி அண்டைக் கருவியோடு பேசிச் சரிபார்க்கும். எங்கே எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்பதை ஓஎஸ்பிஎஃப்-டிஇ எல்லாக் கருவிகளுக்கும் அறிவிக்கும். ஆர்எஸ்விபி-டிஇ வழிநெடுகக் கேட்டுக்கொண்டே போய் இணைப்பை அமைக்கும். 2001இல் ஐடியூ-டி தன் ஜி.8080 பரிந்துரையில் இத்தகைய வலையமைப்பின் கட்டமைப்பை வரைந்தது. 2003 ஜனவரியில் ஐஇடிஎஃப், ஜிஎம்பிஎல்எஸ் சமிக்ஞையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3471, 3473 ஆகியவற்றை வெளியிட்டது. எங்கள் குழுவின் காலம் பெரும்பாலும் 3473ஓடு கழிந்தது.

அந்த ஆவணம் புதிதாக ஒரு நெறிமுறையைப் படைக்கவில்லை. 1997இல் இணையத்துக்காக எழுதப்பட்ட ஆர்எஸ்விபியின் மேல் கட்டப்பட்டது. ஆர்எஸ்விபியின் இயல்பு, ஐயம் வந்தால் மறந்துவிடுவது. அமைக்கப்பட்ட எதையும் ஏறத்தாழ 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிப்பு வராமல் வழக்கமான கணக்குப்படி 157.5 வினாடி கழிந்தால், அந்த ஒதுக்கீடு தானாக அழிந்துவிடும். ஐபி வலையமைப்பில் இது மிகச் சரியான நடத்தை. அங்கே கட்டுப்பாட்டுச் செய்தியும் பயனரின் தரவும் ஒரே கம்பியில் போகின்றன. செய்தி வரவில்லையென்றால் தரவும் போகவில்லை என்று கொள்வதில் நியாயம் உண்டு. ஆப்டிக்கல் கருவிகளுக்கிடையிலோ கட்டுப்பாட்டுச் செய்திகள் பெரும்பாலும் தனி அலைநீளத்திலோ, முற்றிலும் வேறான ஒரு மேலாண்மை வலையமைப்பிலோ செல்கின்றன. அங்கே ஒரு ரூட்டர் படுத்துவிட்டால், இழைக்குள் ஓடும் 10 ஜிகாபிட் இணைப்புக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பழைய ஆர்எஸ்விபியை அப்படியே வைத்துக்கொண்டால், மூன்று நிமிடத்துக்குள் மென்பொருள் அந்த நல்ல இணைப்பைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிடும். ரயில்வேயில் சிக்னல் பழுதானால் வண்டி நிற்க வேண்டும் என்பது விதி; எங்கள் துறையில் சிக்னல் பழுதானாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

3473 இதற்குச் சொல்லும் வழி, மறுதொடக்க நடைமுறை. ஒவ்வொரு கருவியும் தன் ஹலோ செய்தியில், தன் கட்டுப்பாட்டு மென்பொருள் விழுந்தால் மீண்டும் எழ எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மில்லிவினாடிக் கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த நேரம்வரை அண்டைக் கருவி எதையும் கலைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறிக்கும் 32 பிட்டுகளும் 1 ஆக இருந்தால் அதற்குத் தனிப்பொருள்: ‘நான் எழுவதற்குக் காலவரையறை இல்லை, ஆனால் என் தரவுத் தளத்துக்கு (பயனரின் தரவு ஓடும் பகுதிக்கு) ஒன்றும் ஆகாது’. வேறொரு தயாரிப்பாளரின் கருவியோடு எங்கள் நிரலை இணைத்துச் சோதித்தபோது, இந்த ஒரு மதிப்பில்தான் சிக்கல் எழுந்தது. எதிர்முனை நிரல் அதைக் குறியுள்ள எண்ணாக எடுத்து, கழித்தல் ஒன்று என்று படித்து, காத்திருப்பு அப்போதே முடிந்துவிட்டதாகக் கொண்டு எல்லா இணைப்புகளையும் கலைத்தது. உடனே தெரிந்துவிட்ட பிழை என்பதால் அதைத் திருத்துவது எளிதாக இருந்தது. உண்மையில் அஞ்ச வேண்டியது அடுத்த வகைப் பிழை: தனிப்பொருளைக் கவனிக்காமல் அதை வெறும் எண்ணாகவே எடுத்துக்கொண்டால், காத்திருப்பு ஏறத்தாழ 49.7 நாள் நீளும். எந்த ஆய்வகச் சோதனையும் அத்தனை நாள் ஓடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மென்பொருள் விழுந்திருக்கும்போது தரவுத் தளத்தை எப்படிக் காப்பது என்பது தன் வரம்புக்கு வெளியே என்று அதே ஆவணம் ஒதுங்கிக்கொள்கிறது. தரப்படுத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது. கருவியின் வயிற்றுக்குள் இருப்பதை அவர்கள் எழுத முடியாது. ஆனால் எங்கள் உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது. மீண்டும் எழும் நிரல், வன்பொருளிடம் எந்தப் போர்ட் எதோடு இணைந்திருக்கிறது என்று கேட்கிறது. அண்டைக் கருவி, முன்பு ஒப்புக்கொண்ட லேபிளை, அதாவது இணைப்புக்கான அடையாளக் குறியை, திருப்பிச் சொல்கிறது. இரண்டும் பொருந்த வேண்டும். உரிமை கோரி யாரும் வராத இணைப்பு ஒன்று மிஞ்சினால், இப்படிச் சரிபார்க்கத் தரப்படும் மீட்புக்காலம் முடிந்ததும் அதை நீக்கிவிடும்படி தரம் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதை நீக்காமல் விட்டு, அலாரம் எழுப்பி, முடிவை மனிதரிடம் விடச் சொன்னார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இணைப்பை வேண்டுமென்றே நீக்குவதிலும் தொலைபேசி உலகின் பழக்கம் தெரிகிறது. ஒரு முனை நீக்கச் செய்தியை அனுப்பிவிட்டுத் தன் ஒளியை நிறுத்தினால், செய்தி போய்ச் சேரும் முன்னே கீழ்நிலைக் கருவிகள் ஒளி மறைந்ததைக் கண்டு அலாரம் அடிக்கும், மாற்றுவழிக்குத் தாவவும் கூடும். அதனால் ஜிஎம்பிஎல்எஸ்ஸில் முதலில் ‘இது நீக்கப்படப் போகிறது’ என்ற நிலைக்குறிப்பு வழி முழுவதும் போய்வருகிறது. பிறகே ஒளி அணைகிறது.

ஐஇடிஎஃப், ஐடியூ-டி என்ற இரு தர அமைப்புகளும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. சமிக்ஞைக்கு ஆர்எஸ்விபி-டிஇயைப் போலவே சிஆர்-எல்டிபி என்றொரு நெறிமுறையும் இருந்தது. அதற்கு மேல் அதை வளர்ப்பதில்லை என்று ஐஇடிஎஃப் முடிவெடுத்து 2003இல் ஆர்எஃப்சி 3468ஆக வெளியிட்டது. ஐடியூ-டியின் வரிசையிலோ ஜி.7713.3 என்ற எண்ணில் அது இடம்பெற்றது. விற்பனைப் பிரிவினர் இரண்டையும் பட்டியலில் வைத்திருக்க விரும்பினார்கள். சிஆர்-எல்டிபியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அலைநீளத்துக்குப் பெயரிடுவது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும் நெடுநாள் தீராமல் இருந்தது. 3471இன்படி அலைநீள லேபிள் இரண்டு அண்டைக் கருவிகளுக்குள் மட்டும் பொருள்படும் ஓர் எண். அலைநீளத்தை மாற்றாத வலையமைப்பில் ஒரே நிறம் முனைக்கு முனை போக வேண்டும். அங்கே ஒவ்வொரு கண்ணியிலும் வெவ்வேறு எண்ணை வைத்துக்கொண்டு அட்டவணை பார்ப்பது வீண்வேலை. 2011இல் ஆர்எஃப்சி 6205 இதைத் தீர்த்தது: ஐடியூ-டியின் ஜி.694.1 நங்கூரமாகக் கொண்ட 193.1 டெராஹெர்ட்ஸிலிருந்து எத்தனை படி மேலே அல்லது கீழே என்பதே லேபிள். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 193.2 என்றால் எண் இரண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே எடுத்துக்கொண்ட அரிய தருணங்களுள் இது ஒன்று.

நான் அறிந்தவரை, பல தயாரிப்பாளர்களின் கருவிகள் தமக்குள் பேசி வழியமைக்கும் அந்தப் பெருங்கனவு ஓஐஎஃப்பின் செயல்விளக்கங்களில் ஓடிய அளவுக்குக் களத்தில் ஓடவில்லை. வழிகணிப்பைத் தனியே பிரிக்கும் பிசிஇ கட்டமைப்பு 2006இல் வந்தது. அடுத்து, கருவியின் அமைப்பை விவரிக்கும் யாங் மாதிரிகளும் அந்த அமைப்பைத் தொலைவிலிருந்து மாற்றும் நெட்கான்ஃப் நெறிமுறையும் வந்தன. வெவ்வேறு தயாரிப்பாளர்களின் ஆப்டிக்கல் கருவிகளுக்குப் பொது வரையறை தரும் ஓப்பன் ரோடம் போன்ற முயற்சிகள் கருவியை மைய மென்பொருளின் கீழ் கொண்டுவந்தன. இப்போது நான் பார்ப்பதும் இந்த வகை வேலைதான். நெட்கான்ஃபில் இணைப்பு அறுந்தாலும் கருவியின் அமைப்பு அப்படியே நிற்கும். எங்களை வாட்டிய கேள்வி தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் உறுதிப்படுத்த வேண்டிய கமிட் என்றொரு வசதி அதில் உண்டு; மாற்றத்தைத் தற்காலிகமாக நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை அது. அதை அனுப்பிவிட்டு, 600 வினாடி என்ற இயல்புநிலைக் கெடுவுக்குள் உறுதிச் செய்தி அனுப்பாவிட்டால், கருவி பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்; நிலைத்திருக்கும்படி தனியாகக் கேட்டிருந்தாலொழிய, அமர்வு இடையில் அறுந்தாலும் அதே கதிதான். கட்டுப்பாட்டு மென்பொருளின் வடிவமைப்பு மீளாய்வுக்கு வந்தால், இந்தக் கமிட்டை எங்கெங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் முதலில் தேடுகிறேன்.