வீட்டுக்கு மட்டும் வராதீர்கள்

"வீட்டுக்கு மட்டும் வராதீர்கள் சார். எங்கே வரச் சொன்னாலும் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

நாகலூர்ப் பக்கம், களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, மனநோயுள்ள தன் மகனைப் பற்றி நிமிராமலேயே சொன்னார். கை மட்டும் மிளகைப் பரப்பிக்கொண்டே இருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் மனநலக் குழுவின் ஜீப் வாசலில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் ஒரு பயிற்சி வகுப்புக்காகப் பிற நாட்டு மனநலக் குழுக்களைப் பற்றிக் குறிப்பெடுத்திருந்தேன். அமெரிக்காவின் மேடிசனில் 1970களில் தொடங்கிய முறையில் ஒரு பணியாளருக்குச் சுமார் 10 நோயாளிகள்தான். சிகிச்சையே வீடு தேடிப் போவது. நெதர்லாந்தில் ஒருவர் நிலை மோசமானால் அவர் பெயர் குழுவின் பலகையில் ஏறிவிடும். காலையில் கூடிப் பேசி யாராவது கிளம்பிவிடுவார்கள். எங்கள் குழுவுக்கு ஒரு மாவட்டம். மலைக்கு மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் ஆள் பற்றாக்குறையா அன்று என்னைத் தடுத்தது? அங்கே கதவைத் தட்டினால் நோயாளியே திறப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன். இங்கே அந்த வாசலில் தங்கையின் கல்யாணமும் அல்லவா நிற்கிறது?

மாதம் ஒருமுறை ஏற்காடு பஸ் நிலையத்தருகே சந்திப்பதாக ஏற்பாடு. இரண்டு முறை வந்தார்கள். மே மாதம் வரவில்லை. கோடை விழாக் கூட்டம், பஸ்ஸில் இடம் கிடைத்திருக்காது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஜூனில் அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு வந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு பதிந்த தடம்.

அவர் சொல்லை மதித்தேன் என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஏற்காட்டைத் தாண்டிப் போகும் அலைச்சல் மிச்சம் என்று அன்று மனம் லேசானதும் பொய்யல்ல. 2006இல் வெளியான வட லண்டன் ஆய்வு ஒன்றில், தேடிப்போய்ப் பார்க்கும் குழுவாலும் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்கள் குறையவில்லை. அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதல்! அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் குழுவை விட்டு விலகாமல் நெருக்கமாக இருந்தார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த இடத்தை வேகமாகப் புரட்டினேன்.

வார்டு வாசலில் அந்த அம்மாவிடம், "இனியாவது வீட்டுக்கு வரட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது சார்," என்றார். "ஆவணியில் கல்யாணம். அது முடியட்டும்."

இந்த முறையும் தலையாட்டினேன்.