தீர்த்தமலை ஏறுபவர்களுக்கு: ராமர் தீர்த்தமும் அது சுரக்கும் பாறையும்

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் சுமார் 16 கிலோமீட்டர். முறைப்படி போகிறவர்கள் முதலில் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமந்த தீர்த்தத்தில் முழுகிவிட்டு, பிறகு மலையேறி ராமர் தீர்த்தத்தில் நீராடுவார்கள். இந்த வரிசைக்கு ஐதீகம் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பும் ராமபிரான் இங்கே சிவபூஜை செய்ய நினைக்கிறார். கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வந்து சேரவில்லை. பூஜை நேரம் தவறக் கூடாதே என்று பாணத்தால் மலையைத் துளைத்துத் தீர்த்தம் வரவழைக்கிறார். பிறகு வந்த அனுமன் மனம் பொறாமல் வீசிய கங்கை நீர் விழுந்த இடம்தான் அனுமந்த தீர்த்தம்.

மலைமேல் தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் அருள்பாலிக்கிறார்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஏற முடியாத பெரியவர்களுக்கு அடிவாரத்திலேயே கோயில் இருக்கிறது. மற்றவர்கள் காலையிலேயே படியில் கால் வைத்துவிட வேண்டும். கருத்த பாறை வெயிலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். உச்சிப்பொழுதில் வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கொப்பளிக்கும். பிரசாதப் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பிடுங்கிவிடும்.

கருப்பாகவும் குழி குழியாகவும் இருக்கும் பாறையைப் பார்த்து, இது பழைய எரிமலையோ என்று பலருக்கும் தோன்றும். இல்லை. கருப்பு நிறத்தில் பாதி, மழைநீர் வழிந்த தடத்தில் படியும் பாசியும் கற்பாசியும். குழிகள் மழையிலும் வெயிலிலும் பாறை அரிந்து விழுந்த இடங்கள். எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழ் விட்ட ஓட்டைகள் உருண்டையாக, பாறையின் உள்ளேயும் பரவியிருக்கும். இங்கே புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்தால் ஓட்டையே இருக்காது. இறுகிய படிகங்கள்தான் மின்னும்.

தருமபுரி வட்டாரத்தின் பெரும்பகுதி சார்னகைட்டும், வரிவரியாக உருமாறிய பாறையான நைஸும். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற பச்சை கலந்த பளபளப்பு தெரிந்தால் அது சார்னகைட். சென்னை பரங்கிமலையில் கிடைக்கும் இதே வகைக் கல்லில்தான் கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை செதுக்கப்பட்டது. அதை வைத்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி மலைத்தொடர் எழுந்தபோது, அதன் அடியில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இந்தப் பாறை உருமாறியது. மேலிருந்த மலை முழுக்கத் தேய்ந்து ஆறுகளோடு போய்விட்டது. நாம் படியேறிப் போவது அந்த மலைத்தொடரின் வேர்ப்பகுதியில்.

ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே வருகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புலப்படும். ஓசூர் சந்திரசூடேஸ்வரரைத் தரிசித்துக் கிளம்பினால், கிருஷ்ணகிரி வரை சாலையோரப் பாறைகள் பெரும்பாலும் சாம்பல் நிற நைஸ், வெளிர் கிரானைட். தருமபுரியை நெருங்க நெருங்கக் கல் கருத்துப் பச்சை ஏறுகிறது. பழைய நிலம் தெற்குப் பக்கம் மேலே தூக்கப்பட்டுச் சாய்ந்து, அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்ததால், தெற்கே போகப் போக அதிக ஆழத்துப் பாறை வெளியே தெரிகிறது. நிலவியல் மாணவர்கள் இந்தச் சாலையை விடாமல் சுற்றுவது இதற்காகத்தான்.

தீர்த்தமலைக்கு மட்டும் இன்னொரு சிறப்பு: காந்தக்கல் படுகைகள். 19ஆம் நூற்றாண்டு நிலவியல் ஆய்வுகளிலேயே இவை பதிவாகியிருக்கின்றன. இரும்பும் சிலிக்காவும் ஆதிக் கடலடியில் படிந்து, பிறகு மலையெழுச்சியில் மடிந்து, வெந்து, கருப்பும் வெள்ளையுமாக வரிவரியான கல்லாயின. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி எடுத்துப் போங்கள். பாதையோரம் உதிர்ந்து கிடக்கும் துருச்சிவப்புக் கற்களில், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனப்பதன் அருகே பிடித்தால் நூல் சாயும். அடிவார ஓடையின் கருமணலிலும் ஒட்டும். கைப்பேசித் திசைகாட்டியை இங்கே நம்ப வேண்டாம். பார்த்த கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள். மலையே சுவாமியாக இருக்கும் இடம்.

இப்போது தீர்த்தத்துக்கு வருவோம். ராமர், அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி எனத் தீர்த்தங்கள் தனித்தனியே இருக்கின்றன. இந்தப் பாறையின் உடலில் நீர் புகாது. புகுவதெல்லாம் வெடிப்பில்தான். மேலிருந்த சுமை தேய்ந்து நீங்கியதும் பாறை சற்றே விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. பழைய நெருக்கத்தில் உண்டான செங்குத்து வெடிப்புகள் அவற்றை வெட்டுகின்றன. மேலே காட்டு மண்ணில் இறங்கும் மழைநீர் இந்தச் சந்துகளில் மெதுவாக நகர்ந்து, பிளவில்லாத பாறை தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் வெளியேறுகிறது. சந்து குறுகலாக இருப்பதால் ஒரு மழைக்கால நீர் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். கோடையிலும் ராமர் தீர்த்தம் விழுவது அப்படித்தான், ஆனால் சித்திரை வைகாசியில் தாரை மெலிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் நன்றாக நனையலாம். தாரை விழும் இடத்தில் பாசி வழுக்கும், கைப்பிடியை விடக் கூடாது. சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம்.

எரிமலைத் தொடர்பே இல்லையா என்றால், உண்டு, ஆனால் நிலத்தடியில். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுவதும் நிலத்தடிக் குழம்பு வெடிப்புகளில் புகுந்து உறைந்த டோலரைட் என்ற கருங்கல் சுவர்கள் நேர்கோடாக ஓடுகின்றன. பலவற்றின் வயது 200 கோடி ஆண்டுகளைத் தாண்டும். கல்வெட்டாங்குழிக்காரர்கள் கருப்புக் கிரானைட் என்று வெட்டுவது இதைத்தான். சுவரின் ஓரத்தில் சட்டென்று குளிர்ந்ததால் படிக மணி நுண்மையாகவும், நடுவில் பெரிதாகவும் இருக்கும். வெளியே கிடக்கும் உருண்டைகள் வெங்காயத் தோல் போல உரியும்.

பயணத்தை ஒகேனக்கல்லில் முடிக்கிறவர்கள் தேசநாதீஸ்வரரையும் காவிரியம்மனையும் தரிசிப்பார்கள். அங்கே அருவிப் பாறை முழுவதும் கார்பனடைட் என்று எங்கும் எழுதிவைத்திருக்கிறார்கள், அது மிகை. அந்த வட்டாரப் பாறை பெரும்பாலும் சார்னகைட். சுண்ணாம்புச் சத்துள்ள குழம்பு உறைந்த கார்பனடைட், பைராக்சினைட் என்ற கரும்பாறைச் சுவர்களுக்குள் சிறு சிறு வில்லைகளாகத்தான் இருக்கிறது. ஆனால் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. கார்பனடைட் குழம்பை இன்றும் கக்குவது தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை மட்டுமே, ஆனால் அதில் சுண்ணாம்பை விடச் சோடியம்தான் மிகுதி. பரிசல்காரரிடம் கார்பனடைட்டைக் காட்டச் சொன்னால் அவர் காட்டுவது நீர் அரித்த சார்னகைட்டாகத்தான் இருக்கும்.