டங்க்ளியோஸ்டியஸ் வாயைத் திறந்தது: அட்டை மாடல், மூன்றாம் வாரம்

நேற்று ராத்திரிதான் வேலை ஒரு வழிக்கு வந்தது. தலையை லேசாகத் தூக்கினால் போதும், கீழ்த்தாடை தானாக இறங்குகிறது. விட்டால் டப்பென்று மூடிக்கொள்கிறது. பத்து இருபது தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.

டங்க்ளியோஸ்டியஸ் சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் கடைசியில் வாழ்ந்த கவச மீன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரைப் பாறையில் ஜே டெரல் என்பவர் 1867-ல் இதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். டெரெல்லி என்ற இனப்பெயர் அவரை வைத்து வந்தது. அந்தப் பகுதியின் கருப்புக் களிப்பாறையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தலையும் தோளும்தான், அதாவது கனமான எலும்புத் தகடுகள். பின்னுடம்பு குருத்தெலும்பு என்பதால் அநேகமாக மிஞ்சவில்லை.

இந்தக் குறையால் என் முதல் வாரம் வீணானது. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யலாம் என்று, பழைய படங்களைப் பார்த்து 70 செ.மீ. நீளத்துக்கு நியூஸ்பேப்பரில் வரைந்து வெட்டிவிட்டேன். அப்புறம்தான் 2023-ல் ரஸ்ஸல் எங்கல்மன் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். முன்பு சுறாவின் வாயளவை வைத்து நீளத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் இந்த வகை மீன்களுக்கு உடம்புக்கு மீறிய பெரிய வாய். அதனால் அவர் கண்ணுக்கும் தலையின் பின்விளிம்புக்கும் இடையிலான நீளத்தை எடுத்துக்கொண்டார். அது உடல் நீளத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. அப்படிப் பார்த்தால் வளர்ந்த மீன் சுமார் 3.4 மீட்டர், மிகப் பெரியது 4.1 மீட்டர்தான். என் பேப்பர் மீனின் பாதியைக் கத்தரித்தேன். 34 செ.மீ. மிஞ்சியது. குட்டையாக, உருண்டு திரண்ட சூரை மீன் மாதிரி இருக்கிறது. எனக்கு இந்த உருவம்தான் பிடித்திருக்கிறது. பெரிய தலையைத் தாங்க இப்படித் தடித்த உடம்பு இருந்தால்தானே பொருந்தும்?

சரி, தாடைக்கு வருகிறேன். பார்சல் பெட்டி அட்டையில் மூன்று துண்டு: தலை, கீழ்த்தாடை, தோள் கவசம். தோள் கவசத்தைப் பலகையில் ஒட்டிவிட்டு, தலையை அதன் மேல்முனையில் குண்டூசியால் மாட்டினேன். தலையின் பின்கீழ் மூலையில் தாடை. தாடையிலிருந்து தோள் கவசத்தின் அடிப்பக்கத்துக்கு ஒரு நூல். தாடையை இழுத்து இறக்கும் தசைக்குப் பதில் அந்த நூல். மூடும் தசைக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

முதலில் தலையைத் தூக்கியபோது தாடை அசையவே இல்லை, இன்னும் இறுக மூடியது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு காரணம் தெரிந்தது. தாடையில் நூலுக்குப் போட்ட ஓட்டை மேலே இருந்ததால், நூல் தாடை மூட்டுக்கு மேலே ஓடியது. ஓட்டையைத் தாடையின் கீழ்விளிம்புக்கு மாற்றினேன். இப்போது நூல் மூட்டுக்குக் கீழே ஓடுகிறது. தலை நிமிரும்போது தாடை மூட்டு முன்னால் நகர்கிறது. நூல் நீளாது. அதனால் தாடை கீழே இழுபட்டே ஆக வேண்டும். நூல் ஒரு செ.மீ. நீண்டிருந்தாலும் வாய் பாதிதான் திறக்கிறது. குறைந்தால் முழுக்க மூட மாட்டேன் என்கிறது.

தலை, தாடை, தோள் கவசம், நூலுக்குப் பதில் தசை: நிஜ மீனில் ஒன்றையொன்று இழுக்கும் இந்த நான்கு கண்ணி அமைப்பை ஆண்டர்சன், வெஸ்ட்னீட் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் கணித்தார்கள். நொடியில் 50-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் வாய் திறந்துவிடும். அந்த வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபட்டிருக்கும். மூடும்போது தாடை முனையில் 4,400 நியூட்டன் விசை, கிட்டத்தட்ட 450 கிலோ எடை வைத்து அழுத்தினாற்போல. இத்தனைக்கும் அதற்குப் பல்லே கிடையாது. தாடை எலும்பே கத்தி மாதிரி நீண்டிருக்கும். வாய் மூடும்போதெல்லாம் மேலும் கீழும் உரசித் தானே கூர்தீட்டிக்கொள்ளும்.

அந்த உரசல் என் அட்டையில் இன்னும் வரவில்லை. மேல்முனையும் கீழ்முனையும் நேருக்கு நேர் முட்டி நுனி நசுங்குகிறது. பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை அறுத்து, மேல்தகடு வெளியேயும் கீழ்த்தகடு உள்ளேயும் வழுக்கிப் போகும்படி ஒட்டப் போகிறேன். வால் அதற்கப்புறம்தான்.