கல்லில் வெயில் அச்சு: திருகோணமலைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 27
நெகற்றிவ் படத்தை வெயிலால் கல்லில் பதித்து, அந்தக் கல்லில் மை உருட்டித் தாளில் அச்சிடும் முயற்சி. கல் தீட்டி முடிந்தது. சோல்ன்ஹோஃபன் சுண்ணக்கல், தீட்டும் கார்பரண்டம் தூள் 80, 120, கடைசியில் 180 (எண் கூடக்கூடத் தூள் நுண்மை). 220 வேண்டாம், கல் வழவழப்பாகிவிடும். படத்தின் இடைச்சாயலைப் புள்ளி புள்ளியாக உடைத்துத் தருவது கல்லின் சொரசொரப்புத்தான். விளிம்புகளை அரத்தால் மழுக்காவிட்டால் ரோலர் அங்கே மை அப்பும்.

ஆகஸ்ட் 28
ஒரு முட்டையின் வெள்ளைக்கரு (30 மி.லீ.), வடித்த நீர் 60 மி.லீ. நுரைக்க அடித்து, அடங்கவிட்டு, துணியில் வடித்தபின் அமோனியம் இருகுரோமேற்று 1 கிராம் (ஒளி பட்ட இடத்தில் வெள்ளைக்கருவை இறுகவைக்கும் உப்பு), அமோனியா நாலைந்து சொட்டு. இருகுரோமேற்று புற்றுநோய் தரக்கூடியது, கையுறை கட்டாயம். மங்கிய மஞ்சள் பல்பின் கீழ் பூசி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பூசியதைத் துடைப்பதா என்று கை தயங்கும். ஆனால் ஒளி மேலிருந்து கீழே இறுக்கிக்கொண்டு போகிறது. பூச்சு தடித்தால் அடிப்பகுதி இறுகாமல் கிடந்து, கழுவும்போது மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். 1855இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்ற அல்போன்ஸ் புவாத்வேனும் துடைத்தவர்தான்.

ஆகஸ்ட் 29
பூசிய கல்லை இரவு வைத்தது பிழை. காலையில் வெயில் காட்டி மை போட்டால் கல் முழுக்கக் கறுப்பு. இருகுரோமேற்று கலந்த வெள்ளைக்கரு இருட்டிலும் தானாக இறுகும். சூடும் கடலீரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். திரும்பவும் 80இலிருந்து தீட்டல். இந்த ஊரில் உலர்ந்த கச்சான் காற்று அடிக்கும் பகலில் பூசி, உலர்ந்த கையோடு வெயிலுக்குக் கொண்டுபோவதே வழி.

ஆகஸ்ட் 30
இந்த நாட்களில் நண்பகல் சூரியன் இங்கே ஏறக்குறைய நேர் உச்சியில். மட்டமாக வைத்த கல்லில் நிறுத்திய ஆணிக்கு நிழலே இல்லை. நெகற்றிவின் விளிம்புக்கடியில் ஒளி சரிந்து நுழையாததால் கோடுகள் கூர்மை. மேலே பாரமான கண்ணாடி. சோதனைக் கீற்று 3, 5, 7, 9 நிமிடம். பிறகு டர்பன்டைனில் இளக்கிய கொழுப்பு மையை, கல் சாம்பல் நிறமாகும் அளவுக்கு மட்டும் உருட்டி, குளிர்நீரில் பஞ்சால் தடவல். இறுகாத இடம் மையோடு வழுக்கிக் கழன்றது. 3இல் இடைச்சாயல் போச்சு, 9இல் நிழல் அடைத்தது. 7 சரி.

ஆகஸ்ட் 31
மை நின்ற இடத்தைக் காக்க ரோசின் தூள், டால்க், பிறகு வெற்றுக்கல் மை பிடிக்காதிருக்க 30 மி.லீ. அரபுப் பிசினில் 5 சொட்டு நைத்திரிக்கமிலம். கல்லில் கிரேயானால் வரைந்த படத்துக்கு இடும் வீரியம் இதற்கு ஆகாது, படலம் மெல்லியது. முதல் தாளில் சுவாமிமலைக்கு (கோணேசர் கோயில் நிற்கும் பாறை) மறுபக்கம் கடல்! நெகற்றிவை இடவலம் மாற்றி எடுத்திருக்க வேண்டும். மிச்ச இருகுரோமேற்றுக் கரைசலில் நச்சுக் குறைய விற்றமின் சி, செம்மஞ்சள் முழுக்கப் பச்சையாகும்வரை. அதையும் கானில் (வடிகாலில்) ஊற்றாமல் மூடிய போத்தலில்.