ஐந்தாம் நம்பர் எங்கே இருக்கிறது?

செக் எஞ்சின் விளக்கு எரிந்த அன்று நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. என்னுடையது பழைய ஃபோர்டு பிக்கப், வி8 எஞ்சின் (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்), 1,30,000 மைல் ஓடியாகிவிட்டது. அந்த வயதில் எந்த வண்டிக்கும் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பித்ததும், 'எல்லா வண்டியும் பார்க்கப்படும்' என்று போர்டு போட்ட பக்கத்துக் கடைக்கு ஓட்டிப்போனேன்.

ஸ்கேனரை மாட்டினார்கள். பி0305 என்று வந்தது; ஐந்தாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அமெரிக்காவில் 1996 முதல் வந்த கார்கள் எல்லாவற்றிலும் இந்த எரர் கோடுக்கு (code) இதே அர்த்தம்தான். சிலிண்டருக்கு ஒன்றாக, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்; அதை மாற்றினார்கள். பணம் கட்டினேன். மூன்றாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது, அதே 0305. 'அப்படியென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான்' என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் போனது டொமஸ்டிக், அதாவது அமெரிக்கக் கம்பெனி வண்டிகளை மட்டும் பார்க்கும் கடை. ஃபோர்டு, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), கிரைஸ்லர், அவ்வளவுதான். (வேடிக்கை என்னவென்றால், கெண்டக்கியில் தயாராகும் டொயோட்டா கேம்ரி இவர்கள் கணக்கில் வெளிநாட்டு வண்டி, மெக்சிகோவில் அசெம்பிள் செய்த ஜிஎம்மின் செவ்ரோலெ சில்வராடோ உள்நாட்டு வண்டி.) அங்கிருந்த பெரியவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. ஹூடைத் திறந்து, எந்தக் காயிலை மாற்றினார்கள் என்று பார்த்தார். டிரைவர் பக்கம் முன்னாலிருந்து மூன்றாவது மட்டும் புதுசாகப் பளபளத்தது. சிரித்துவிட்டார்.

ஜிஎம் வி8-ல் டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. அங்கே ஐந்து என்றால் மூன்றாவதுதான். ஃபோர்டில் எதிர்ப்பக்கம் 1 முதல் 4 வரை, டிரைவர் பக்கம் 5 முதல் 8 வரை. ஐந்தாம் நம்பர் டிரைவர் பக்கம் முதல் ஆள். முதல் கடையில் ஜிஎம் கணக்கில் எண்ணி மாற்றியது ஏழாம் சிலிண்டரின் காயிலை!

அப்போதும் அவர் உடனே புதுக் காயில் எடுக்கவில்லை. ஐந்தின் காயிலை ஆறில் போட்டார், ஆறினுடையதை ஐந்தில் போட்டார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இப்போது கோடு 0306. கோளாறு காயிலோடு கூடவே போய்விட்டது. இன்ஜெக்டருக்குச் சம்பந்தமே இல்லை. பத்து நிமிட வேலை.

அதிலிருந்து யாராவது கடை கேட்டால் நான் ரேட்டிங் நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வதில்லை. சுவரில் ஏஎஸ்இ சான்றிதழ் (மெக்கானிக்குகள் பரீட்சை எழுதி வாங்குவது) இருந்தால் நல்லதுதான், ஆனால் அது உங்கள் எஞ்சின் அவருக்குப் பழக்கமா என்று சொல்லாது. போன் போட்டு, உங்கள் எஞ்சினுக்கே உரிய வம்பு ஒன்றைக் கேளுங்கள். 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது அது முறிந்து பாதி உள்ளேயே மாட்டிக்கொள்வது பிரசித்தம். எப்படிக் கழற்றுவது என்று ஃபோர்டே மெக்கானிக்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 'பிளக் மாற்ற எவ்வளவு நேரம்?' என்று கேளுங்கள். பழகியவர் முதலில் பெருமூச்சு விடுவார், அப்புறம் எஞ்சின் ஆறணும், லேசாகத் திருப்பி கிளீனர் ஊற்றி ஊறவைக்கணும் என்று தானே பேச ஆரம்பிப்பார். பழகாதவர் 'ஒரு மணி நேரம் சார்' என்பார்.

கிளம்பும்போது பெரியவர் கெட்டுப்போன காயிலைக் கையில் கொடுத்தார். ரப்பர் உறையில் முடி மாதிரி ஒரு விரிசல். முதல் கடையில் கழற்றிப் போட்டது நல்ல காயில். அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் இந்தப் புதுக் காயிலுக்கும் காசு கொடுத்திருக்க வேண்டாம்.