டியூட்டி லிஸ்ட்டில் இரண்டு நாள்

எங்கள் ஐசியூவுக்கு நான் இன்சார்ஜ் ஆன புதிதில், ஏசிஎல்எஸ் முடித்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தேன். இருபத்திரண்டு நர்ஸ்களில் நான்கு பேர். இதயத் துடிப்பு நின்றுபோனவரை மீட்பதற்கான மேல்நிலைப் பயிற்சி அது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் அந்தச் சான்றிதழ் 2 வருடம்தான் செல்லும்.

மற்றவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டணத்தை முதலில் நாமே கட்ட வேண்டும். பாஸ் ஆனால்தான் நிர்வாகம் திருப்பித் தரும். வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு ஹாஸ்டலில் மாதத்தை ஓட்டுகிற பெண்ணால் அது முடிகிற காரியமா? வகுப்புக்கும் சொந்த ஆஃபில்தான் போக வேண்டும். நைட் டியூட்டி முடித்த கையோடு போய் உட்கார்ந்தவர்களும் உண்டு.

எனக்கு வேலை பழக்கிய அக்கா ஒருவர் இருக்கிறார். பதினான்கு வருட ஐசியூ அனுபவம். அவரும் எழுதியிருக்கவில்லை. "எனக்குக் கையில வரும்மா, பேப்பர்லதான் வராது" என்றார். எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில்.

காலையில் நைட் டியூட்டிக்காரர்கள் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினோம். தினம் ஒரு ஈசிஜி ஸ்ட்ரிப். ஷாக் கொடுக்கலாமா, கூடாதா? முதலில் தமிழில் பேசுவோம், அப்புறம் அதே கேள்வியை ஆங்கிலத்தில் படிப்போம். ஒருநாள் ஸ்ட்ரிப்பில் ரிதம் ஒழுங்காகவே இருந்தது. இளையவர்கள் "நார்மல்" என்றார்கள். "பல்ஸ் பாத்தீங்களா?" என்று கேட்டார் அக்கா. மானிட்டரில் அலை ஓடும், கழுத்தில் கை வைத்தால் துடிப்பு இருக்காது. அதற்கு ஷாக் கிடையாது. உடனே நெஞ்சை அழுத்த வேண்டும், அட்ரினலின் போட வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும். தான் பார்த்த ஒரு நோயாளியை வைத்தே அவர் அதை விளக்கினார். அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடம் அவர் வகுப்பாகிவிட்டது. தேர்வில் முதல் தடவை அவருக்கு இரண்டு கேள்வி குறைந்தது. மறுபடி எழுதிப் பாஸ் செய்தார்.

நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேட்டேன்: கட்டணத்தை முன்பணமாகக் கொடுங்கள், வகுப்பு நாட்களை டியூட்டியாகக் கணக்கிடுங்கள். "சர்டிபிகேட் கைக்கு வந்ததும் வெளிநாட்டுக்குப் போயிடுவாங்களே" என்றார்கள். சரி, சிலர் போகத்தான் செய்தார்கள். ஆனால் போகும்வரை அவர்கள் பார்த்த நைட் டியூட்டிகள் எங்கள் நோயாளிகளுக்கானவை. அவர்களைப் பிடித்துவைக்க வேண்டுமானால் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். படிப்பைத் தடுத்து யாரையும் நிறுத்திவைக்க முடியாது என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன். பல மாதம் கேட்ட பிறகு இரண்டுக்கும் சம்மதித்தார்கள்.

அக்காவின் சான்றிதழ் அடுத்த மாதம் காலாவதியாகிறது. லிஸ்ட்டில் அவர் பெயருக்கு நேரே 'டிரெய்னிங்' என்று எழுதிவிட்டேன். போன மாதம் சேர்ந்த பெண்ணின் பெயரையும் கூடவே போடச் சொல்லியிருக்கிறார்.